ஊசி குத்திய தோட்டா

வெல்டா துப்பாக்கி வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் ஊரே அவளுக்கு வாத்தியாராகிவிட்டது. சர்ச்சில் பாட்டு நடத்துகிறவர், "சின்னதா வாங்கு, இடுப்புல உறுத்தாது" என்றார். தபால்காரர், "சின்னது கையில குதிக்கும், கொஞ்சம் பெருசாவே வாங்கு" என்றார். அமெரிக்காவின் அந்த ஆர்கன்சா மலைப்பக்கத்தில் துப்பாக்கியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர்கள் தொட்டில் குழந்தைகள் மட்டும்தான்.

அவளுக்கு அது தேவைப்பட்டது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் அவள். கிறிஸ்துமஸுக்கு முன்பு, காட்டோரம் ஒரு கிழவருக்குப் புண் கட்டிவிட்டு வெளியே வந்தால், காருக்குள் முகமூடி போட்ட ஒருவன் மருந்துப் பையைக் குடைந்துகொண்டிருக்கிறான். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றோடு அவள் தூக்கமும் போயிற்று. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மிச்சப் பயத்துக்கு ராய்ஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

ராய்ஸ் முதலில் ஒரு பிஸ்டலை நீட்டினார். அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வெல்டாவின் மணிக்கட்டில் வலு போதவில்லை.

"வேணாம், வை. அவசரத்துல கை நடுங்கறப்ப எது சொன்னபடி கேக்குதோ அதுதாம்மா துப்பாக்கி. மத்ததெல்லாம் இரும்புத் துண்டு" என்றவர், ஒரு பழைய குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். "அஞ்சு தோட்டா. இழுத்தா வெடிக்கும். ஒண்ணு வெடிக்கலேன்னா நின்னு யோசிக்காதே, திரும்ப இழு. அடுத்தது வந்து நிக்கும்."

விசை வெண்ணெயாக இருந்தது. அதிலேயே அவள் விழுந்துவிட்டாள்.

பகலில் அது நர்ஸ் சட்டைக்கு உள்ளே இடுப்பு உறையில் இருந்தது, இரவில் கட்டிலோரத்து இழுப்பறையில். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெல்டா கட்டை போலத் தூங்கினாள். ஒருநாள் காலையில் அவள் கணவன் ஹார்லன் சிரித்தபடி கேட்டான்.

"ராத்திரி எழுந்து அந்த ஆப்பிள் கேக் முழுசையும் தீத்துட்டியே, எனக்கு ஒரு துண்டு வெச்சிருக்கக் கூடாதா?"

"நானா? உன் வயித்துக்கு என் தலையை உருட்டாதே."

"கவுன் பாக்கெட்டைத் தொட்டுப் பாரு."

பாக்கெட்டில் முள்கரண்டி இருந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குளிர் முடிவதற்குள் ஹார்லனின் சிரிப்பு நின்றுவிட்டது. தீவன லாரி ஓட்டிவிட்டு வந்து பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டான். கண்கள் குழி விழுந்தன. படுக்கையை விட்டு, அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தான். கேட்டால் முதுகுவலி என்றான். காலையில் அவள் கண் திறக்கும்போதெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ரிவால்வரைத் துடைப்பது அவள் வழக்கம். தோட்டாக்களை உருவிச் சமையலறை ஜன்னலில் வரிசையாக நிறுத்துவாள். அன்று ஒன்றை எடுத்தவள் அப்படியே நின்றாள். தோட்டாவின் அடியில், நடுப்பொட்டில், ஒரு சின்னப் பள்ளம். துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி வந்து குத்தினால்தான் அந்தப் பள்ளம் விழும். விசையை இழுத்தால்தான் ஊசி குத்தும்.

அவள் இழுக்கவில்லை. அவை புதுத் தோட்டாக்கள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். ஹார்லன் யாரைக் குறி வைத்து இழுத்தான்? தன்னையா, தூங்குகிற என்னையா? இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனைப் பற்றி இப்படி யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபடி, அந்தத் தோட்டாவை மட்டும் தனியாக நிறுத்தினாள்.

மறுநாள், மளிகைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராய்ஸிடம் போனாள். அவர் தோட்டாவைப் பார்த்தார், ரிவால்வரின் பக்கத் தகட்டைக் கழற்றினார், முகம் சிவந்துவிட்டது.

"என் தப்பும்மா. முன்னாடி வெச்சிருந்தவன் விசை லேசா இருக்கணும்னு ஸ்பிரிங்கை அறுத்திருக்கான். நான் பார்த்திருக்கணும். அதான் ஊசி மெதுவா தட்டியிருக்கு. ஆமா, எதைப் பார்த்து இழுத்தே?"

"சும்மா... ஒரு பாம்பு."

"நல்லவேளை, கடிக்கலை" என்றபடி புது ஸ்பிரிங்கை மாட்டினார். "இனிமே ஏமாத்தாது. விசை கொஞ்சம் கனமா இருக்கும், ஆனா இழுத்தா வெடிக்கும்."

வீட்டில் ஹார்லன் சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தான். அவள் மளிகைப் பையை மேஜையில் வைத்தாள். அவன் திரும்பாமலே கேட்டான்.

"ராய்ஸ் சரி பண்ணிட்டானா?"

வெல்டாவின் கை தானாகச் சட்டைக்குள் போயிற்று. "எதை?"

"அதைத்தான். ஜன்னல்ல நேத்து ஒரு தோட்டாவைத் தனியா நிறுத்தி வெச்சிருந்தியே." அவன் திரும்பினான். அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தான். மாவுக் கையை மெல்லத் தூக்கி, அசையாமல் நின்றான்.

"வெல்டா," என்றான், மிக மெதுவாக. "நீ முழிச்சுதான் இருக்கியா?"

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தாள்.

"அன்னைக்கு ராத்திரி தூக்கத்துலயே எழுந்து இப்படித்தான் நின்னே. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. 'என் காருக்குள்ள என்னடா பண்றே'ன்னு கேட்டே. நான் ஹார்லன், ஹார்லன்னு கத்தினேன். இழுத்தே. டிக்குன்னுச்சு. திரும்ப இழுக்கறதுக்குள்ள கையைப் பிடிச்சுட்டேன். அப்படியே வந்து படுத்துக்கிட்டே."

"ஏன் சொல்லலை? தோட்டாவையாவது எடுத்து ஒளிச்சிருக்கலாமே!"

"எடுத்தா உனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நீ தாங்குவியா? நான் தூங்காம பார்த்துக்கிட்டா போதும்னு நெனச்சேன்."

அவன் மீது சந்தேகப்பட்ட வெட்கத்தில் அவள் ஓவென்று அழுதாள். தன்னைத் தூக்கத்தில் நடக்க வைத்த மாத்திரை அத்தனையையும் கழிவறையில் கொட்டினாள். ரிவால்வரைத் தோட்டாக்களோடு அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் புல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்த களஞ்சியத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். நாற்காலியை விட்டுக் கட்டிலுக்கு வந்தான். தலை சாய்ந்ததும் குறட்டை விட்டான். பாவம், எத்தனை நாள் தூக்கமோ! அதைக் கேட்டுக்கொண்டே அவளும் கண் மூடினாள்.

வெயில் முகத்தில் பட்டு விழித்தாள். பாதங்கள் ஈரமாக இருந்தன. விரல் இடுக்கில் புல் ஒட்டியிருந்தது. மூடிய கைக்குள் ஹார்லனின் சாவிக் கயிறு சுருண்டு கிடந்தது. தலையணைக்கு அடியில் ஏதோ கெட்டியாகக் காதில் அழுத்தியது.

அவளுக்குப் பின்னால் கட்டிலில் அசைவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், குறட்டை கேட்கிறதா என்று காது கொடுத்தபடி கிடந்தாள்.