பதில் மணி வரும்வரை

திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை, தங்கச் சுரங்க ஊரான எங்கள் கோரமண்டலில் கரண்ட் இருக்காது என்று சனிக்கிழமை அறிவிப்பு வந்தது. என் யுபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கும்.

எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் மென்பொருளால் பிரித்த இரண்டு மெய்நிகர் கணினிகள். ஒன்று எனக்கு, ஒன்று என் மனைவி வின்னிக்கு. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கீபோர்டு. கல்யாணமான வருடம் நான் கட்டியது. வின்னி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் அவள் தட்டிக்கொண்டிருந்த குறிப்பு இன்னும் அவள் திரையில் இருக்கிறது. சேமிக்கவில்லை. கடைசி வரி மட்டும் தெரிகிறது: ‘மீதியை வந்து எழுதுகிறேன்.’ மேலே என்ன இருக்கிறது என்று நான் தள்ளிப் பார்த்ததில்லை.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு, சேமிக்கலாம் என்று ஞாயிறு காலை அவளுடைய மவுஸைத் தொட்டேன். அசையவில்லை. கீபோர்டும் செத்திருந்தது. இரண்டும் சொருகியிருக்கும் யுஎஸ்பி கார்டு உறைந்துபோயிருந்தது. அந்தக் கார்டை முழுவதுமாக அவளுடைய கணினிக்கே கொடுத்திருந்தேன். மொத்தத்தையும் அணைத்துப் போட்டால் கார்டு எழுந்துவிடும், குறிப்பு போய்விடும். அவள் கணினிக்குள் நுழைய, கட்டும்போது உபரியாக வேறு வழி எதையும் நான் வைக்கவில்லை.

நிக்கோலுக்குப் போன் செய்தேன். பெங்களூரில் எங்கள் இருவருக்கும் ஒரே ஆபீஸ், போக வர ஒரே ரயில். சர்ச் முடிந்து நேராக வந்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“டீ போடட்டுமா?”

“சுக்கு தட்டிப் போட்டா குடிக்கிறேன்.”

“சுக்கு எங்க இருக்குதுன்னு தெரியல.”

“அப்போ வேணாம் வுடுங்கண்ணா. இதுவரைக்கும் இன்னா பண்ணீங்க?”

சொன்னேன். கார்டை விட்டுக்கொடுக்கச் சொல்லி வின்னியின் கணினிக்கு அடுத்தடுத்து மூன்று முறை கோரிக்கை அனுப்பினேன். விடவில்லை. அடுத்து அதன் கையிலிருந்து பிடுங்கி ரீசெட் செய்துவிடலாம் என்றிருந்தேன்.

நிக்கோல் என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எங்கப்பா ஒங்கள ஷாப்ட் பக்கமே வுட்டிருக்க மாட்டாரு.”

அவளுடைய அப்பா டக்ளஸ், சுரங்கம் மூடும்வரை ஷாப்ட் என்னும் இறங்குகுழியின் வாயில் மணி அடித்தவர். ஆட்கள் ஏறிய கூண்டை, அதாவது கேஜை, இறக்க அவர் மணி அடித்தால், இன்ஜின் அறையில் இருக்கும் டிரைவர் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடிக்க வேண்டும். பதில் மணி வராமல் கேஜ் நகராது. இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

“பதில் வராமயே மூணு தடவ அடிச்சா டிரைவர் இன்னா நெனைப்பான்? மேல இருக்கவன் குடிச்சிருக்கான்னு நெனைப்பான்.”

ஒரே ஒரு முறை கோரிக்கை அனுப்பினாள். திரையில் பதில் வந்து விழும் ஜன்னலைத் திறந்துவைத்தாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். நாலாவது நிமிடம் நான் எழுந்தேன்.

“உக்காருங்க. உள்ள அது எதையோ கீழ வெச்சிட்டு வரணும்.”

பதினோரு நிமிடம். பிறகு ஒரு வரி விழுந்தது. வின்னியின் கணினி கார்டைத் தானாகவே விட்டுவிட்டது.

நானாக இருந்தால் அந்த நொடியே ரீசெட் கொடுத்திருப்பேன். அவள் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் அந்தக் கார்டு இணைந்திருக்கும் பாதையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தாள். தன்னை மட்டும் ரீசெட் செய்துகொள்ளும் வசதி அந்தக் கார்டுக்கு இல்லை. பாதை முழுவதையும் ரீசெட் செய்யலாம். அதே பாதையில் வின்னியின் திரைக்கான கிராபிக்ஸ் கார்டும் இருந்தது.

“பிடுங்கி ரீசெட் அடிச்சிருந்தீங்கன்னா?”

“திரையும் போயிருக்கும்.”

“மிஷினே நின்னிருக்கும்ணா.”

யுஎஸ்பி கார்டை மட்டும் தூக்க நிலைக்கு அனுப்பினாள். பத்து எண்ணினாள். எழுப்பினாள். தன் பெயரைச் சரியாகச் சொல்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் வின்னியிடம் திருப்பிக் கொடுத்தாள். ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

வின்னியின் கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்தது.

“மிச்சத்த நீங்க பாருங்க,” என்று சொல்லிவிட்டு நிக்கோல் சமையலறைப் பக்கம் போனாள். தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

சேமித்தேன். குறிப்பின் முதல் சொல்லையே கோப்பின் பெயராக அது காட்டியது: டப்பாக்கள். சரி என்று அழுத்தினேன். திறந்து மூடிப் பார்த்தேன், இருந்தது. பிறகு மேலே தள்ளினேன். சமையலறை முழுவதும் இருந்தது. தட்டு தட்டாக, எந்த டப்பாவில் எது, எதை முதலில் தீர்க்க வேண்டும் என்று. இரண்டு பக்கம்.

“நிக்கோல்.”

“இன்னாண்ணா?”

“சுக்கு மேல் தட்டுல, இடது பக்கம். நீல மூடி போட்ட பால் பவுடர் டப்பா.”

ஸ்டூலை இழுத்தாள்.

“மேல் தட்டு, இடது பக்கம், நீல மூடி,” என்று திருப்பிச் சொன்னாள். மூடி திறக்கும் சத்தம் வந்தது.

“கீதுண்ணா.”