நாற்பது கிராம்

அந்த ஊரில் ஒரு கிழட்டுப் பூனையின் காதுபட யாராவது “வயசாச்சு” என்று சொன்னால், அதன் எடையில் நாற்பது கிராம் அப்போதே குறைந்துவிடும். நடுத்தர எலுமிச்சம்பழம் ஒன்றின் எடை அது. அன்பாகச் சொன்னாலும் அலட்சியமாகச் சொன்னாலும் ஒரு கிராம் கூடவோ குறையவோ செய்யாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பூனைகளை அந்தச் சொல் ஒன்றும் செய்ததில்லை. வெகுகாலம் இது யாருக்கும் தெரியவில்லை. வயதான பூனைகள் மெலிந்தன, இடுப்பெலும்பு துருத்தியது, முதுகைத் தடவினால் சீப்பைத் தடவியதுபோல் இருந்தது. பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்று ஒரு நிமிடம் நின்று, வயசாச்சு இல்லையா என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஊரில் கல்நெஞ்சக்காரர்கள் அதிகமில்லை. இருந்திருந்தால் பூனைகள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவள் தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்குகிறவள். முப்பத்தோரு வருடம் அதே இருக்கை. பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள், தராசு பிறகு ஆமாம் போடும். தராசக்கா என்றுதான் அலுவலகத்தில் பெயர். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் இருந்தது. முகவரியைப் பாதி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அவள் சன்னலைத் தவிர்த்து, பக்கத்துச் சன்னலில் தபால்தலை விற்பவனிடம் போய் வழிவார்கள். வீட்டில் அவளுக்குத் துணை பதினாறு வயதுப் பூனை ஒன்று. வேலை எதுவும் செய்யாது, முதலில் சாப்பிடும், மற்றவர் வேலை செய்வதைக் குறைகாணும் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அதை முதலாளி என்று அழைத்தாள். இரண்டு அறை வீட்டில் முதலாளிக்கு ஒன்றரை அறை, அவளுக்கு மீதி.

ஐந்து கிலோ இருநூறு இருந்த முதலாளி ஒரே வருடத்தில் பாதி ஆளானது. ஆனால் தீனியில் குறைவில்லை. இரண்டு தட்டைக் காலி செய்துவிட்டு மூன்றாவதுக்குக் கத்தியது. தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று அவள் மிருக மருத்துவரிடம் மூன்று தடவை போய்க் கேட்டாள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, வயசாச்சு இல்லையாம்மா, அப்படித்தான் இருக்கும் என்றார். சத்து மருந்து ஒரு புட்டி எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது கூடை, போகும்போது இருந்ததைவிட நாற்பது கிராம் குறைவாக இருப்பதாக அவள் கை சொன்னது. முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கையை அவள் நம்பவில்லை. அந்த எரிச்சலில் சத்து மருந்தைச் சாக்கடையில் கொட்டினாள்.

மறுநாள் முதலாளியைக் கூடையோடு அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ப் பார்சல் தராசில் வைத்தாள். கூடையும் சேர்த்து நாலு கிலோ முந்நூற்றுப்பத்து. தபால்தலை விற்பவன் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

“பாவம்க்கா. வயசாச்சு இல்லையா.”

எண் மாறியது. நாலு கிலோ இருநூற்றெழுபது.

“இப்ப என்னடா சொன்ன நீ?”

“நான் ஒண்ணும் தப்பா சொல்லலையேக்கா. வயசாச்சுன்னுதான்…”

இருநூற்றுமுப்பது. அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். வரிசையில் குடையோடு நின்ற பெரியவர் கழுத்தை நீட்டித் தராசைப் பார்த்தார். மிஷினுக்கும் வயசாச்சு போல என்றார். நூற்றுத்தொண்ணூறு. அவள் சன்னலை அறைந்து சாத்தினாள். அன்று அந்த ஊரிலிருந்து ஒரு பார்சலும் போகவில்லை.

அன்று மாலையே வீட்டுக் கதவில் பலகை மாட்டினாள். வாயைக் கட்டத் தெரியாதவர்கள் உள்ளே வரவேண்டாம் என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டுக்காரி கோபித்துக்கொண்டாள். கோபித்தால் கோபிக்கட்டும் என்று இவள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். இத்தனை வருடம் எத்தனை பூனைகளை ஆளுக்கொரு எலுமிச்சம்பழமாகப் பிடுங்கித் தின்றீர்கள், ஒருவராவது ஏன் என்று கேட்டீர்களா, வாயிலிருந்து பல்லி விழுகிற மாதிரி அந்த ஒரு வார்த்தைதானே விழுந்தது என்று கேட்டாள். மூன்று நாள் இப்படி ஊரைத் திட்டித் தீர்த்தாள். நாலாம் நாள் காலை, முதலாளியின் தட்டைக் கழுவும்போது, திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் அதே வீட்டில், உள்ளறையில், அவள் அம்மா இறந்தாள். அம்மாவும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட மெலிந்தாள். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு, வயசாச்சு, வேற என்ன என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். வேலைக்குக் கிளம்புகிற அவசரம். எனக்கு உள்ள என்னமோ பண்ணுதுடி என்று அம்மா ஒருநாள் கையைப் பிடித்தாள். வயசாச்சும்மா என்று இவள் கையை விடுவித்துக்கொண்டாள். கடைசி மாதத்தில் அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தபோது முப்பத்திரண்டு கிலோ என்று கை சரியாகச் சொன்னது. ஊரான் வீட்டுப் பொட்டலத்தில் பத்து கிராம் குறைந்தால் ஏன் என்று கேட்கிறவள், அன்று கேட்கவில்லை. மனிதர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டா என்று அந்த ஊரில் யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. அவளுக்குப் போட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கழுவின தட்டைப் போட்டுவிட்டு மிருக மருத்துவரிடம் போனாள். முதலாளியை அவருடைய தராசிலேயே வைத்தாள். நாற்பது கிராம் போகும் என்று தெரிந்துதான் வைத்தாள்.

“எப்பவும் சொல்றதை ஒரு தடவை சொல்லுங்க டாக்டர். சொல்லிட்டு நம்பரைப் பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எண் இறங்கியதும் சிரிப்பும் இறங்கியது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“உக்காராதீங்க. எழுந்து வந்து தொட்டுப் பாருங்க.”

அவர் தொட்டார். வயிறு, பல், கடைசியில் கழுத்து. கழுத்தில் விரல் நின்றது. பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கட்டி, தைராய்டு சுரப்பி வீங்கியிருக்கிறது, சாப்பிட்டதையெல்லாம் அதுதான் எரித்துக்கொண்டிருந்திருக்கிறது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார். தினம் இரண்டு வேளை அரை மாத்திரை போதும் என்றார்.

“மூணு தடவை வந்தேன் டாக்டர். மூணு தடவையும் இந்தக் கழுத்து இங்கதான் இருந்தது” என்றாள். அவர் அன்று கட்டணம் வாங்கவில்லை. அவள் வலுக்கட்டாயமாக மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

சொல்லால் போன எடை சொல்லால் திரும்பவில்லை. அதையும் முயன்று பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி சமாதானத்துக்கு வந்து, முதலாளி சின்னப் பையன் மாதிரி இருக்காரே என்று அரைமணி நேரம் ஐஸ் வைத்தாள். தராசு அசையவில்லை. மாத்திரைதான் ஐந்து கிராம், பத்து கிராம் என்று திருப்பிக் கொடுத்தது. செய்தி பரவி, ஊரிலுள்ள கிழட்டுப் பூனைகள் எல்லாம் கூடைகளில் மருத்துவரிடம் போயின. சிலவற்றுக்குச் சிறுநீரகம், சிலவற்றுக்குப் பல். சில பிழைக்கவில்லை, ஆனால் என்ன நோய் என்று தெரிந்து செத்தன. அடுத்த வருடத்துக்குள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லுமுன் குனிந்து நாற்காலிக்கு அடியில் பூனை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் தாராளமாகச் சொல்வார்கள், எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றித்தான். இதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியூரில் இருந்த தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவள் முதலாளியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாட்சைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான்.

“அம்மாவுக்கு வயசாச்சுக்கா. நம்மால என்ன பண்ணியிருக்க முடியும்?”

மடியில் நாற்பது கிராம் போனதை அவள் தொடை உணர்ந்தது. கத்துவாள் என்று அவன் பின்னால் சாய்ந்தான்.

“கழுத்தைத் தொட்டுப் பாத்திருக்கலாம்” என்றாள்.

“யாரு?”

“நான்தான். வேற யாரு இருந்தா இங்க?”

அவன் தண்ணீர் குடித்தான், பையை எடுத்தான், வாசல்வரை போனான். செருப்பில் ஒரு கால் மட்டும் நுழைந்திருக்கத் திரும்பி நின்றான்.

“அம்மாவுக்கும் கழுத்துல அந்த மாதிரி இருந்துச்சாக்கா?”

“தெரியாதுடா. யாரும் பாக்கலையே.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று மடியில் குறைந்த நாற்பது கிராம் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று.