சான்று தேவை

"டிலானி, அண்ணனோட பை எங்க? கண்ணாடி, செபமாலை எல்லாத்தையும் அதுல போட்டுப் பெட்டியில வச்சிரலாம்" என்று பக்கத்து வீட்டு ரெங்கம்மாக்கா கேட்டபோதுதான் டிலானிக்கு உறைத்தது, சவப்பெட்டியில் கிடக்கும் ஞானசீலனுக்கென்று அந்த வீட்டில் ஒரு பை கிடையாது. முப்பத்தெட்டு வயது மனுஷன், அப்புத்தளைத் தபால் கந்தோரில் கிளார்க். மழையானாலும் பனியானாலும் கடுதாசிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவான், வருவான். பை தூக்கினால் கை ஒடிந்துவிடுமா என்று அவள் கேலி செய்ததுண்டு. அதெல்லாம் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில். ரெங்கம்மாக்கா தன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள்.

பேச்சு நின்று இரண்டு வருடம். ஒரே கூரை, ஒரே சோற்றுப்பானை. தட்டை டொக்கென்று மேசையில் வைப்பாள், அவன் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்து போவான். ஞாயிறு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தபோதுகூட, என்ன செய்யுது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ரெங்கம்மாக்காவைக் கூப்பிட ஓடினாள், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஒரு கேள்வி கேட்காமலே போயிற்று.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கம்ப்யூட்டர். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம், யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஞாயிறுதோறும் போனும் இன்டர்நெட்டும் இருக்கிற இத்ரூஸ் நானாவின் கொமியூனிகேஷன் கடையில், புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஞானசீலன் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பான். டிலானியும் போனாள். போனவள் அம்மா றீட்டாவைப் பற்றி எழுதினாள். தொண்ணூற்றொன்றில் மலை சரிந்து தோட்டத்து லய வீடுகளை மூடியபோது அம்மாவின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. பதுளையில் போர்டிங்கில் தங்கிப் படித்த டிலானி, ஓடிவந்து பார்த்தது சேற்றை மட்டுந்தான். மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறை இல்லை, இந்தப் பக்கமாவது இருக்கட்டும் என்று எழுதி, 'தூக்கத்திலேயே நிம்மதியாக இறந்தார்' என்று முடித்தாள். மறுநாள் பக்கத்தைக் காணோம். 'அன்புள்ள புதிய பயனரே, சான்று இல்லாததால் கட்டுரை நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு, அடியில் அண்ணன் பெயர். கூடப் பிறந்தவள் புதிய பயனராம்! பெற்ற தாயை இரண்டாந்தரம் மண்ணில் போட்டு மூடியவனோடு என்ன பேச்சு?

மூன்று மணிக்கு ஃபாதர் வருவதாக ஏற்பாடு. பத்து மணிவாக்கில் இத்ரூஸ் நானா வந்து வாசலில் தயங்கி நின்றார். ஞானசீலன் சேரிடம் படித்தவர்கள் சேர்ந்து அவரைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் போட்டிருக்கிறார்களாம். யாரோ அதை நீக்கச் சொல்லி அறிவித்திருக்கிறாராம். பேப்பர் கீப்பரில் வந்தது ஏதாவது இருந்தால் காப்பாற்றிவிடலாமாம். சாவு வீட்டை விட்டு இறங்குகிறாளே என்று கிழவிகள் முணுமுணுக்க, டிலானி சாவுக்காகத் தெருவில் கட்டியிருந்த வெள்ளைக்கொடிகளுக்கு அடியில் அவரோடு நடந்தாள். காப்பாற்றவா போனாள்? அவன் பக்கம் அழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. செத்தவன்மேலும் வன்மம் வரத்தான் செய்கிறது, என்ன செய்ய?

கடையில் இத்ரூஸ் நானா பக்கத்தைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு பேர், நீக்காதீர்கள் என்று கெஞ்சியிருந்தார்கள். சான்று ஒருவரிடமும் இல்லை. சேர் கடைசியாக எதைத் தொட்டார் என்று பார்ப்போமே என்று அவர் இன்னொன்றை அழுத்தினார். ஞாயிறு மாலை நான்கு மணி. மணல்தொட்டி என்றிருந்தது. அது என்ன என்று கேட்டாள்.

"எழுதிப் பழகுற எடம், தங்கச்சி. புதுசா வாறவங்களுக்கு சேர் மொதல்ல இதத்தான் காட்டுவாரு. இதுல நீங்க என்ன எழுதினாலும் ஒருத்தரும் அழிக்கமாட்டாங்கன்னு சொல்லுவாரு."

திறந்ததும் மேலே அம்மாவின் பெயர். கீழே டிலானி எழுதியது அப்படியே, ஒரு சொல் குறையாமல். கடைசி வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில் வேறு மூன்று வரிகள் இருந்தன, ஆதாரமில்லாத வரிக்குப் பின்னால் போடும் குறிப்போடு.

மண் இறங்கும் சத்தம் கேட்டு மகனை எழுப்பி வெளியே இழுத்து வந்தார். [சான்று தேவை]

பரீட்சைப் புத்தகங்கள் இருந்த பை உள்ளே இருக்கிறது என்று மகன் அழுதான். [சான்று தேவை]

அதை எடுக்கத் திரும்ப உள்ளே போனார். [சான்று தேவை]

பக்கத்தின் வரலாற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த நடு வரியை அழித்திருக்கிறான், திரும்பப் போட்டிருக்கிறான், மறுபடி அழித்திருக்கிறான். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு இந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் செய்திருக்க வேண்டும். கடைசி ஞாயிறு போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறான்.

இத்ரூஸ் நானா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பார்த்த ஆக்கள் யாரும் இருக்காங்களா?"

"அண்ணன் மட்டுந்தான்."

அவர் கீபோர்டை இழுத்து வைத்து, சேரைப் பற்றிய பக்கத்துக்கு என்ன பதில் போடுவது என்று கேட்டார்.

"எடுக்கட்டும் நானா. அண்ணன் இருந்திருந்தா அதத்தான் செஞ்சிருக்கும்."

"இது?"

"இது கெடக்கட்டும்."

அவள் வீட்டுக்கு வந்தபோது, துணிப்பையில் கண்ணாடியும் செபமாலையும் போட்டு ரெங்கம்மாக்கா அவன் தலைமாட்டில் வைத்திருந்தாள். ஃபாதர் ஜெபித்து முடித்தார். பெட்டியை அடைக்க மூடியைத் தூக்கினார்கள். டிலானி கையைக் காட்டி நிறுத்தினாள். பையை எடுத்து, செபமாலையை அவன் விரல்களில் சுற்றினாள். கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்தாள்.

"அண்ணே, கண்ணாடி சட்டையில இருக்கு" என்றாள்.

பிறகு வெறும் பையை நான்காக மடித்து ரெங்கம்மாக்காவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.