மூன்றாவது படியில் சோடியம்

மூன்றாவது படியை வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன்.

செய்முறைத் திட்டத்தில் மொத்தம் எட்டுப் படி. அசிட்டிலீனில் ஆரம்பம்: இரண்டு கார்பன் அணு, நடுவில் முப்பிணைப்பு, அவ்வளவுதான். ஒரு பக்கம் சின்னச் சங்கிலி, மறுபக்கம் பெரிய சங்கிலி ஒட்டி, முப்பிணைப்பை இரட்டையாக்கி, கடைசியில் பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செய்ய வேண்டும். தோட்டத்துப் பொறிகளில் வைக்க. மூன்றாவது படியில் இரட்டையாக்கும்போது இரண்டு சங்கிலியும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். அதற்கு வீரியம் குறைத்த பலேடியம். சோடியம் போட்டால் எதிரெதிராகப் போய்விடும்; ஓர் ஆண் பூச்சிகூட எட்டிப் பார்க்காது. கல்லூரிப் பிள்ளைகளுக்கே இது தெரியும். நான் சோடியம் என்று எழுதினேன்.

பதினோரு வருடம் ஆய்வகத்தில் என் பக்கத்து மேசையில் நின்றவள் நான்கு மாதத்துக்கு முன் பதவி உயர்ந்து மேல்மாடிக்குப் போய்விட்டாள். அதுவரை என் திட்டம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. “ஏய், கண்ணு எங்கடி மேயப் போச்சு?” என்று அவள் கத்துவாள். “உன் வேலையைப் பாருடி!” என்று நான் எரிந்து விழுவேன். எங்களுக்கு அதுதான் பேச்சு. இப்போது அந்த மேசையில் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காவலாளிக்கு வணக்கம் சொல்வதோடு என் வாய்க்கு வேலை முடிந்துவிடுகிறது. தனியாக இருக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிறேன்.

“கொஞ்சம் பாரேன்” என்று திட்டத்தை அவளுக்கு அனுப்பினேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான். ஒரு திட்டு வந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சண்டை போடலாம்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் பொறுக்காமல் நானே போன் செய்தேன்.

“பாத்தியாடி?”

“ஐயோ, பாத்தேன்டி! சூப்பர். நீ எப்பவும் கில்லாடிதான்.”

“மூணாவது படி?”

“அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.” பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “மீட்டிங்டி. ஒரு நாள் உக்காந்து பேசலாம், என்ன?”

“ம்.”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

திட்டத்தைத் திறந்து சோடியத்தை அடித்துவிட்டுப் பலேடியம் என்று எழுதினேன். அடியில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு; எப்போதும் அவள் பெயர்தான் அதில் இருக்கும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதில் என் பெயரைப் போட்டேன்.