மணலில் வெந்த வாழைப்பழ ரொட்டி

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. சமையலறையில் நாலைந்து வாழைப்பழங்கள் கறுத்துத் தொங்கின. தூக்கிப் போட மனமில்லை, தின்னவும் மனமில்லை. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உமர் வந்து நின்றான். யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. கையில் மட்டும் மாவு ஒட்டியிருந்தது.

முதல் தொடக்கம்: "1979. பழவேற்காடு ஏரியின் மேல் விடியல் ஒரு..."

வேண்டாம். அடுத்த வரியில் பூநாரைகள் வந்து இறங்கிவிடும். அவை கிளம்பும்வரை கதை நகராது.

2

உமர் கப்பலில் சமையல்காரன். மூன்று வருடம் கழித்துப் பழவேற்காட்டுக்கு வீடு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மறுபடி கிளம்ப வேண்டும். கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் உம்மு ஹானிக்கு இப்போது நாலு வயது. அவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறாள். யாரென்று கேட்டால் "கப்பல்காரரு" என்கிறாள். போவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் வாயால் "வாப்பா" என்று கேட்டுவிட வேண்டும் அவனுக்கு. பொம்மை பலிக்கவில்லை, சாக்லேட்டும் பலிக்கவில்லை.

(உமரை நான் சந்தேகப்பட்டது இங்கேதான். பெற்ற பிள்ளையைத் தின்பண்டத்தால் மயக்கப் பார்க்கிறானே, இவன் தந்திரக்காரனா, பாவப்பட்டவனா? பாவப்பட்டவன் என்றே தீர்ப்பு எழுதினேன். நான் மட்டும் உங்களிடம் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்?)

கப்பலில் கற்ற வாழைப்பழ ரொட்டியைச் சுடப்போவதாக அறிவித்தான்.

"மைதா வாணாங்க," என்றாள் மனைவி கரீமா. "புள்ளைக்கு இப்பதான் காய்ச்சலு வுட்டிருக்கு. வயித்துல கட்டிக்கும்."

ஆகவே கோதுமை மாவு, பனைவெல்லம், இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. கனிந்த பழங்களைக் கையாலேயே பிசைந்தான். வீட்டில் பேக்கரி அடுப்பு ஏது? பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, நடுவில் மாவு ஊற்றிய டப்பாவைப் புதைத்து, மூடியின் மேல் கரி நெருப்பைப் பரப்பினான்.

3

இந்த இடத்தில் ரொட்டியைக் கருகவிடுவதாக இருந்தேன். கருகிய ரொட்டி, இடிந்துபோன தகப்பன், மகள் ஓடி வந்து அவனுடைய...

அடித்துவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

நடந்தது வேறு. தேக்சாவுக்குள் பட் பட்டென்று சத்தம் கிளம்பியது. கரீமா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மணலு எங்க அள்ளினீங்க?"

"ஏரிக்கரையிலதான்."

"சலிச்சீங்களா?"

"சலிக்கணுமா?" என்றான் உமர். மணலோடு வந்த ஈரக் கிளிஞ்சல்கள் சூட்டில் வெடித்துக்கொண்டிருந்தன. கரீமா சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

வெல்லமும் பழமும் கலந்த வாசனை மெல்ல எழுந்தது. மத்தியான வெயில் ஜன்னலிலேயே தூங்கிப்போனது. வீடு கரையை விட்டுச் சத்தமில்லாமல் நகர்வதாகவும், இந்தத் தடவை மகளும் கூடவே வருவதாகவும் உமருக்குத் தோன்றியது. (இந்த வரியை எடுத்துவிடு என்கிறது புத்தி. எடுக்க மாட்டேன்.)

கதவு அசைந்தது. உம்மு ஹானி தேக்சாவைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் குந்தினாள்.

"உள்ள யாரு தட்டறாங்க?"

"கிளிஞ்சலு."

"அதுக்கு வெளிய வரணுமா?"

"ஆமா."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள். உமர் அசையவே இல்லை. மூன்று வருடச் சந்தோஷமும் ஒரே மூச்சில் வந்தது.

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவள் "வாப்பா" என்கிறாள், நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். மற்றதில் வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. இரண்டுமே வேண்டாம். நாலு வயதுப் பிள்ளையின் வாயில் சொல்லைத் திணிக்க நான் யார்?

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். உமர் ரொட்டியைத் தட்டில் கவிழ்த்தான். நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. ஆவி பறந்தது. உம்மு ஹானி கையை நீட்டினாள்.

"சுடும்மா. ஆறட்டும்."

அவள் கையை இழுத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"இது ஆறுற வரைக்கும் நீ போவ மாட்டியே?"

இதற்குமேல் நான் எழுதவில்லை. தட்டு இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. தயவுசெய்து ஊதிவிடாதீர்கள்.