நெல் மூடக் கொடுத்த அருவி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஜனார்த்தனனின் பொறாமையில். (கொஞ்சம் என்னுடையதும் உண்டு. எழுதுகிறவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டுமே.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சாரங்கா திமிர் பிடித்தவள். நாலு சாக்கை ஒட்டிவிட்டு ஓவியம் என்று..." வேண்டாம். இது கதையல்ல, வயிற்றெரிச்சல்.

2

கிளிநொச்சியில் சாமத்திய வீட்டில், அதாவது பூப்புச் சடங்கில், படம் எடுக்கப் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலைகளை வரைந்தவர் ஜனார்த்தனன். அருவி, தாமரைக் குளம், இரண்டு அன்னங்கள். பெரியபிள்ளையான பெண்கள் அவருடைய அருவியின் முன்னால் நின்றுதான் படம் எடுத்தார்கள். பிறகு அச்சடித்த பனர்கள் வந்தன, சீலையைக் கேட்பாரில்லை. கண்டாவளையில் வயல் செய்கிற மயில்வாகனம், மழைக்கு நெல் மூட ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது, மனுசன் அருவியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

மயில்வாகனத்தின் மகள்தான் சாரங்கா. ஓவியம் படித்துவிட்டு வந்தவள்.

(இங்கே அவளுக்கு ஒரு குறை வைக்கக் கை துறுதுறுக்கிறது. 'சோம்பேறி' என்று எழுதி வெட்டினேன். நெல் மூடிய அந்தச் சீலையை எடுத்து மாதக்கணக்காக அதில் குனிந்து கிடந்தவளை அப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும்.)

3

சாரங்காவின் ஓவியக் கண்காட்சியில் எல்லோரும் ஒரே படத்தின் முன்னால் நின்றார்கள். ஜனார்த்தனனும் எட்டிப் பார்த்தார். அவருடைய அருவி! அதன் நடுவே, மழைக்குக் கூரையாகக் கட்டுகிற நீலத் தறப்பாளின் துண்டுகள் தைக்கப்பட்டிருந்தன. குளத்தில் சவுரி முடி ஒட்டியிருந்தது. ஓர் அன்னத்தை யூரியாப் பை பாதி மறைத்திருந்தது. கீழே தலைப்பு: 'வடிவான பிள்ளை'.

"எவ்வளவு மலிவான அருவி பாருங்கோ," என்றார் கொழும்பிலிருந்து வந்த ஒருவர். "எங்கட ரசனையை நினைச்சு நாங்கள் வெக்கப்படவேணும் எண்டுதான் வைச்சிருக்கிறா. கெட்டிக்காரி."

ஜனார்த்தனனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அருவியின் நீலத்தைக் கலக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இத்தனை வருசமாக எல்லோரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள், பின்னால் தொங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. இன்று வாயடைத்துப் பார்க்கிறார்கள், அதுவும் அவளுடையதென்று. அதைவிட மோசம், அவருக்கும் படம் பிடித்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

4

முடிவு ஒன்று: அவர் பாய்ந்து படத்தைக் கிழித்து... இல்லை. தன் சீலையைக் கிழிக்க அவருக்கு மனம் வராது.

முடிவு இரண்டு: பெருந்தன்மையோடு அவளை வாழ்த்தி... பொய். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆகவே சாரங்காவையே வரவிடுகிறேன். அவரைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அண்ணை, உங்களைத்தான் தேடினனான். கீழ உங்கட பேரையும் போடட்டோ?"

"மலிவான அருவியாம். என்ர பேர் என்னத்துக்கு?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. என்ர சாமத்தியப் படமும் இதுக்கு முன்னாலதான் எடுத்தது. எனக்கு இது உண்மையாவே வடிவு."

"அப்ப ஏன் பிள்ளை தறப்பாளை வைச்சுத் தைச்சனீ?"

"சண்டை முடிஞ்சு மீளக்குடியேறின நேரம். நாங்கள் தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்தனாங்கள். அது படத்தில விழக்கூடாதெண்டுதானே அம்மா உங்கட சீலையைக் கட்டினவா."

ஜனார்த்தனன் கணக்குப் போட்டார். பெயர் போட்டால் கொட்டிலை மறைத்தவர் என்று ஆகிவிடும். போடாவிட்டால் அருவி முழுவதும் அவளுடையதாகிவிடும். படத்துக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

"பேரைப் போடு," என்றார். "ஆனா அந்தத் தறப்பாளின்ர ஓரத்தில நான் கொஞ்சம் நுரை கீறவேணும். பிரஷ் வைச்சிருக்கிறியோ?"

5

சாரங்காவின் பையில் பிரஷ் இருக்கிறது. நுரை கீறினால் தறப்பாள் மறுபடியும் மறைந்துபோகலாம். அல்லது அந்த அருவி முதல் தடவையாக அவர்களுடைய கொட்டிலின் மேல் விழலாம். அவள் இடத்தில் நானென்றால் பிரஷைக் கொடுக்கமாட்டேன். ஆனால் நான் பொறாமைக்காரன், என் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் சொல்லுங்கள், அவள் கொடுக்கட்டுமா?