நேரான வாள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் யாழினி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தாள். 2007இல் நடந்தது. சொல்லி முடித்ததும், "எழுதுங்க. ஆனா என்னைய நல்லவளாக் காட்டீராதீங்க" என்றாள். அந்த நிபந்தனைதான் என்னை எழுத வைத்தது. முதல் வரி இப்படி வந்தது:

நிஞ்சாக்களின் வாள் இருளைப் போல—

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

2

ஆரோக்கியராஜ் அதே கம்பெனியில் துணிகளுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மங்கலம் சாலையில் ஒரு பழைய தறிக்கூடத்தில் பெண்களுக்குத் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்தார். காரணம் அவருடைய தங்கை விஜயராணி. ஷிஃப்ட் முடிந்து வந்தவளை இரண்டு பேர் சந்துக்குள் இழுத்துப் போனார்கள். (இங்கே ஒரு பத்தி எழுதி நீக்கிவிட்டேன். அது அவளுடையது.) பிறகு அவள் வாசலைத் தாண்டவே இல்லை.

ஆரோக்கியராஜ் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து நேரான வாள் ஒன்றை வாங்கி வந்தார். "நிஞ்சா வாளும்மா. அந்தக் காலத்து ஜப்பான்ல ஒளிஞ்சு வேவு பாத்தவங்களோடது. வளைஞ்ச வாள் செய்ய வசதியில்லாத ஏழைங்க இரும்ப நேராவே அடிச்சுக்கிட்டது. அவங்களும் நம்மள மாதிரிதான்."

விஜயராணி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அடுத்த வாரம் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள்.

3

தையல் மிஷின் பயிற்சி கொடுக்க ஜப்பானிலிருந்து கிமுரா என்ற பொறியாளர் வந்தார். ஆரோக்கியராஜ் பெருமையோடு அவரை வகுப்புக்கு அழைத்தார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல யாழினி கூடப் போனாள். கிமுரா வாளை இரு கைகளாலும் வாங்கி, தலை வணங்கி, உருவிப் பார்த்தார். பிறகு யாழினியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் ஆரோக்கியராஜ்.

யாழினி விஜயராணியைப் பார்த்தாள்.

(என் முதல் பிரதியில் இந்த இடத்தில் அவள் பொய் சொன்னாள்: "ரொம்பப் பழைய வாளுங்களாமா." எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படிச் சொல்லலீங்க" என்றாள். "சொல்லியிருக்கலாம்னு இன்னும் தோணுதுங்க.")

"இப்படியொரு வாள் அந்தக் காலத்துல இருந்ததுக்கு ஆதாரமே இல்லீங்களாமா மாஸ்டர். போன நூற்றாண்டுல சித்திரங்கள்லயும் சினிமாவுலயும்தான் வந்துச்சாமா."

வகுப்புக்கு வரும் டெய்லர் ஒச்சாயிதான் கேட்டாள்: "அப்ப அவுக எதை வச்சுச் சண்டை போட்டாக?"

கிமுரா சொன்னார். மற்றவர்கள் வைத்திருந்த அதே வளைந்த வாள்தான் இருந்திருக்கும். பல சமயம் வணிகராகவோ துறவியாகவோ வேடமிட்டு, வாளே இல்லாமலும் போவார்கள். சண்டை அவர்கள் வேலையல்ல. செய்தியோடு உயிருடன் திரும்புவதுதான் வேலை.

(நானும் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரிதான்.)

ஆரோக்கியராஜ் தங்கையைப் பார்த்து, "கடைக்காரன் சொன்னத நானும் நம்பிட்டேம்மா" என்றார். அவள் முகத்தில்—

இல்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்று யாழினி பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

4

அடுத்த ஞாயிறு, தறிக்கூடம் பூட்டிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் யாழினி போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே விஜயராணி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எங்க கண்ணு?"

"வரல. வெக்கமா இருக்காம்."

"நீ யாரு கூட வந்தே?"

"தனியாத்தான்க்கா. ரெண்டு எடத்துல திரும்பிப் போயிரலாம்னு நின்னேன்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "வந்துட்டேன்."

பெண்கள் ஒவ்வொருவராக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். விஜயராணி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணனுக்காகப் பேசினாள். ஒன்றில் பேசாமல் பயிற்சியைத் தொடங்கினாள். ஒன்றில், சந்தில் நடந்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். எது உண்மை என்று யாழினியிடம் கேட்டேன். "அது எங்களுக்குள்ள பேசுனதுங்க" என்றாள்.

அதனால் எனக்குத் தெரியாது. பெண்கள் காத்திருக்கிறார்கள். விஜயராணி வாய் திறக்கிறாள். முதல் வார்த்தையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.